ஞாயிறு சந்திப்பு: நோயாளியைக் கவனிப்பவர்களுக்கும் துக்கத்தில் இருப்பவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு மாலை 5 மணிக்குக் கோலாலம்பூர் செந்தூல் மண்டபத்தில் கூடுகிறோம். பேசித்தான் ஆகவேண்டும் என்றில்லை; தேநீர் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி.

துக்கம் இறப்புக்குப் பிறகுதான் வரும் என்றில்லை. ஆள் இருக்கும்போதே தொடங்கிவிடும், நோயாளிக்கும்கூட. அவர் "எனக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் பேசாதீங்கப்பா" என்று வாயை அடைக்காதீர்கள். உயில், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம், யாரைக் கடைசியாகப் பார்க்க ஆசை என்று அவரிடம் சொல்ல நிறைய இருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் வரை வீடு கொள்ளாமல் ஆள் இருக்கும். பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாம் போகவேண்டியது அப்போதுதான், கையில் சாப்பாட்டோடு. "எல்லாம் கர்மா" என்ற விளக்கம் மட்டும் வேண்டாம் (கேட்டுக் கேட்டு நொந்துபோன வீடுகள் அவை).

கிள்ளான் பள்ளத்தாக்கில் (கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும்), தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவின் மருத்துவர்களும் தாதியரும் கட்டணமில்லாமல் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். 1991 முதல் இயங்கும் அமைப்பு. கடைசி வாரம் வரை காத்திராமல் முன்பே இந்தச் சேவையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நடுராத்திரியில் மனம் தாங்காவிட்டால் மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) கோலாலம்பூர்: 03-76272929, 24 மணி நேரமும்.

வருபவர்கள் இங்கே பெயர் போடுங்கள். வண்டி இல்லாதவர்களை நாங்கள் ஏற்றிக்கொள்கிறோம்.