நார்ச்சத்தை வாய்க்குப் பிடிக்கிற மாதிரி சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் மலச்சிக்கல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தகவலில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் "நார்ச்சத்து அதிகம் சேர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று கடைசிப் பத்தியில் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த இரண்டு வரியைத்தான் டாக்டரும் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார். எதில் எவ்வளவு இருக்கிறது, அதை முகம் சுளிக்காமல் தினமும் சாப்பிட என்ன வழி என்று யாருமே சொல்வதில்லை. அதனால் பாவம், பலர் கொஞ்ச நாள் தவிட்டைத் தண்ணீரில் கரைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, அப்புறம் போதும்டா சாமி என்று விட்டுவிடுகிறார்கள். வயிறு பழையபடி ஆகிவிடுகிறது. குற்றம் அவர்கள்மேல் இல்லை. பிடிக்காத சாப்பாட்டை யாராலும் வருஷக்கணக்கில் சாப்பிட முடியாது.

வீட்டில் வயதான மாமனாருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைக்கிறவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நார்ச்சத்து என்றாலே தவிடு என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் உகாண்டாவில் பல வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கிராமத்து மக்கள் நார் நிறைந்த உணவு சாப்பிடுவதையும், பணக்கார நாடுகளில் சகஜமாக இருந்த குடல் நோய்கள் அவர்களிடம் அரிதாக இருப்பதையும் கவனித்து, 1970களில் உலகமெங்கும் எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு தவிட்டுக்கு ஒரு பெரிய மவுசு வந்தது. அந்த மக்கள் தவிட்டை ஸ்பூனில் அள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை, அவர்களுடைய தினசரிச் சாப்பாடே அப்படி இருந்தது என்பது மட்டும் எப்படியோ விட்டுப்போய்விட்டது.

அளவைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 10 வயதிலிருந்து எல்லோருக்கும் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும், அதுவும் மாத்திரையிலிருந்து இல்லை, உணவிலேயே இயற்கையாக இருக்கிற நார். 2 முதல் 5 வயதுக் குழந்தைக்கு 15 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 21 கிராம். கேட்க மலைப்பாக இருக்கும். எதில் இருக்கிறது என்று தெரிந்தால் அவ்வளவு கஷ்டமில்லை.

நிறையப் பேர் இடறி விழுகிற இடமே இதுதான். நார்ச்சத்து என்றதும் வெள்ளரிக்காயையும் இலைகளையும் நறுக்கி ஒரு கிண்ணம் சாலட் சாப்பிட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நறுக்கிய வெள்ளரிக்காய் ஒரு கப்பில் ஒரு கிராம் நார்கூடத் தேறாது, பெரும்பாலும் தண்ணீர்தான். அதே கப் அளவுக்குத் தோல் நீக்காத மசூரை (முழு மைசூர்ப் பருப்பை) வேகவைத்து எடுத்தால் 15 கிராம் வரை கிடைக்கிறது. கொண்டைக்கடலையில் 12 கிராம். நாளுக்கு வேண்டியதில் பாதி! சாலட் வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். வேலையை முடித்துக்கொடுப்பது பயறும் பருப்பும்தான் என்று சொல்கிறேன்.

பயறு வாயு பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்பார்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் வாயுவை உண்டாக்குகிற சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். ருசிக்கு நான் செய்வது இது: வெந்த கொண்டைக்கடலையை வடிகட்டி, ஒரு துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு போட்டுப் பிரட்டி, கனமான வாணலியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. முதலில் ஒட்டும், அப்புறம் தோல் லேசாக வெடித்து வாணலியில் கலகலவென்று சத்தம் வர ஆரம்பிக்கும், அப்போது இறக்கி எலுமிச்சை பிழிந்தால் வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று இருக்கும். சிப்ஸ் கேட்கிற பிள்ளை இதை ஒரு கிண்ணம் காலி பண்ணும். பல் இல்லாத பெரியவருக்கு அதே கடலையைக் குழைத்து அரைத்து சூப்பில் கலந்துவிடலாம், சூப்பும் கெட்டியாகும், நார் சேர்ந்ததும் தெரியாது. குழம்பு எந்த வகையானாலும் ஒரு கரண்டி வெந்த பருப்பை மசித்துச் சேர்ப்பது அதேபோலத்தான்.

பழத்துக்கு வருவோம். ஜூஸாக்கி வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடும், முழுப் பழமாகக் கடித்துச் சாப்பிட வேண்டும். முடிந்தவரை தோலோடு. நடுத்தரப் பேரிக்காய் ஒன்றில் 5 கிராமுக்குக் குறையாது, தோலோடு ஆப்பிளில் 4 கிராம் இருக்கும். மாமனாருக்குப் பேரிக்காயைக் கடிக்க முடியாது. தோலோடு சின்னத் துண்டாக நறுக்கி, ஒரு கை தண்ணீரும் துளி பட்டைத்தூளும் போட்டு மூடி வைத்து வேகவிட்டால் சர்க்கரையே தேவைப்படாத அளவுக்கு இனித்துக் குழைந்துவிடுகிறது, அதை அவரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். உலர்ந்த பிளம் பழத்தில் நாரோடு சார்பிட்டால் என்ற சர்க்கரை போன்ற ஒரு பொருளும் இருப்பதால் மலம் இளகுவதற்கு நன்றாக உதவும், நாலைந்து போதும். கிவி பழமும் அந்த வகையில் நல்ல பெயர் எடுத்ததுதான்.

தானியத்தில் ஒரேயடியாக மாறச் சொல்லாதீர்கள். வெள்ளை அரிசியோ வெள்ளை ரொட்டியோ சாப்பிட்டுப் பழகிய வீட்டில் திடீரென்று எல்லாவற்றையும் முழுத்தானியமாக்கினால் சண்டைதான் வரும். கால் பங்கு கலந்து ஆரம்பித்து, நாக்குக்குப் பழகப் பழகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஓட்ஸைக் கஞ்சிப் பசை மாதிரி காய்ச்சிக் கொடுத்துப் பலரை வெறுக்க வைத்துவிட்டோம். வெங்காயம், இஞ்சி, காய்கறி வதக்கி உப்பும் உறைப்புமாகச் செய்தால் அதே ஓட்ஸ் வேறு சாப்பாடு. அதில் இருக்கிற பீட்டா குளுக்கன் தண்ணீரில் கரைகிற நார், குடலில் ஜெல்லி போலாகி மலத்தை மென்மையாக வைக்கிறது, தினமும் 3 கிராம் அளவுக்குப் போனால் கெட்ட கொலஸ்ட்ராலையும் குறைக்கிறது. குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்குகிற ப்யூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கியமான தீனி. நாம் பட்டினி போட்டால் அதுவும் பட்டினி.

இசப்கோல் உமி, அதாவது தண்ணீர் பட்டால் ஊதிக் கொழகொழப்பாகிற ஒரு விதையின் உமி, அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நல்ல பொருள்தான், ஆனால் அதைக் குடிக்கிற விதம் தெரியாமல் நிறையப் பேர் அவதிப்படுகிறார்கள். டம்ளரில் போட்டுக் கலக்கிவிட்டு போன் பேசிக்கொண்டே நின்றால் கொஞ்ச நேரத்தில் கொழகொழவென்று ஸ்பூனில் தூக்குகிற பதத்துக்கு வந்துவிடும், அப்புறம் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்? ஒரு முழு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிய உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். உலர்ந்த தூளாக வாயில் போடவே கூடாது, தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் சில மருந்துகள் சரியாக உடம்பில் சேராது.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். நேற்றுவரை 10 கிராம் சாப்பிட்டவர் இன்று 30 கிராம் சாப்பிட்டால் வயிறு உப்பி, வலித்து, நார்ச்சத்தே ஆகாது என்று முடிவுகட்டிவிடுவார். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், தண்ணீரையும் கூடவே கூட்ட வேண்டும். ஐ.பி.எஸ். என்கிற எரிச்சல் குடல் தொல்லை (வயிற்று வலியோடு பேதியோ மலச்சிக்கலோ அடிக்கடி வருவது) இருக்கிறவர்களுக்கு கோதுமைத் தவிடு போன்ற கரையாத நார் உபத்திரவத்தை அதிகமாக்கலாம், பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடுகிற நைஸ் அமைப்பு அவர்களைத் தவிட்டைத் தவிர்க்கவே சொல்கிறது, ஓட்ஸ், இசப்கோல் மாதிரி கரைகிற நார்தான் அவர்களுக்கு ஒத்துவரும். குடலில் அடைப்போ, குடல் குறுகிப்போன தொல்லையோ உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, திடீரென்று பழக்கம் மாறி அப்படியே நீடிப்பது, இதெல்லாம் இருந்தால் கொண்டைக்கடலை வறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இதைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கடையில் விற்கிற நார்ச்சத்து பிஸ்கட்டுகளைப் பற்றியும் எழுதுங்கள் ஐயா. அட்டையின் முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்னால் திருப்பிப் பார்க்க வேண்டும். உலகப் பொது உணவுத் தரமான கோடெக்ஸ் படி 100 கிராமில் 6 கிராம் நார் இருந்தால்தான் நார்ச்சத்து மிகுந்தது என்று போட்டுக்கொள்ளலாம், 3 கிராம் என்றால் நார்ச்சத்து உள்ளது என்று மட்டும்தான். அதே பட்டியலில் சர்க்கரை எவ்வளவு என்பதையும் பார்த்தால் பல பிஸ்கட்டுகளைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நலவாழ்வுப் பக்கம் ஒரு நாள், சமையல் பக்கம் இன்னொரு நாள் என்று தனித்தனியாக வருகிறது. அங்கே டாக்டர் நார் சாப்பிடச் சொல்கிறார், இங்கே மைதாவில் பலகாரம். இரண்டு பக்கத்தையும் எழுதுகிறவர்களை ஒன்றாக உட்காரவைத்து, வாரம் ஒரு சமையல் குறிப்பாவது நார்ச்சத்துக்கென்று போடுங்கள், ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம் என்று கீழே அச்சடியுங்கள், பல் இல்லாதவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் அதை எப்படி மாற்றிச் செய்வது என்று ஒரு வரி சேருங்கள். பக்கத்தைக் கத்தரித்து அடுப்படியில் ஒட்டிவைக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி