வைக்கோலைக் கையில் எடுத்தவர் யார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், கூடவே நீ அனுப்பிய அந்த நிறுவனத்தின் அறிமுகக் கோப்பும் கிடைத்துப் பத்து நாளாகிறது. கண் அறுவை முடிந்து இப்போதுதான் என்னால் சேர்ந்தாற்போல் படிக்க முடிகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் மகள் முனைவர் பட்டத்தை முடித்துவிட்டாள் என்ற வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். நொதிகளில் ஆய்வு என்றதும் இன்னும் சந்தோஷம். நான் இருபது வருஷம் உழன்ற உலகத்துக்கு நம் வீட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள்!

வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்கும் புது நிறுவனத்தில் அவள் சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். கோப்பில் நிறுவனத்தை நடத்தும் ஏழு பேரின் படங்கள் உள்ள பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். இரண்டு பேராசிரியர்கள், ஒரு முதலீட்டாளர், மென்பொருள் நிறுவனம் நடத்தியவர் ஒருவர், எண்ணெய்ச் சுத்திகரிப்பிலிருந்து வந்தவர் ஒருவர், ஒரு வழக்கறிஞர், ஒரு நிதி அதிகாரி. எல்லாரும் படித்தவர்கள், சாதித்தவர்கள். ஆனால் ஈரமான வைக்கோலை டன் கணக்கில் இயந்திரத்துக்குள் தள்ளிப் பழகிய ஆள் அதில் ஒருவர்கூட இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

நீ வங்கியில் இருந்தவன், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பயிர்க்கழிவில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று மூன்று பொருள் பின்னிக் கிடக்கிறது. முதலில் சூடும் அழுத்தமும் அமிலமும் கொடுத்து அந்தப் பின்னலைத் தளர்த்த வேண்டும். பிறகு நொதி செல்லுலோஸைச் சர்க்கரையாக வெட்டும், ஈஸ்ட் அதைச் சாராயமாக்கும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அதையும் உண்ணும்படி ஈஸ்டை மாற்றியவர் பர்டூ பல்கலைக்கழகத்தின் நான்சி ஹோ. ஃபுளோரிடாவில் லானி இங்க்ராம் ஈ. கோலை பாக்டீரியாவை அதே வேலைக்குப் பழக்கினார். அவருடைய கண்டுபிடிப்புக்கு 1991இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 50,00,000. நொதியின் கதையை உன் மகளே உனக்குச் சொல்லியிருப்பாள். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் ராணுவக் கூடாரத் துணியைத் தின்று தீர்த்த பூஞ்சையை, அமெரிக்காவின் நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் மேரி மாண்டெல்ஸும் வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ரீஸின் பெயரையே அந்தப் பூஞ்சைக்கு வைத்தார்கள். இன்றைய நொதித் தொழிலே அதன் பரம்பரைதான். அறிவியலில் இந்தத் துறைக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு ஏன் இத்தனை ஆலைகள் விழுந்தன? அமெரிக்காவில் 2007இல் வந்த சட்டம் 2010இல் 10 கோடி கேலன், 2022இல் 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2010இலேயே அதை 65 லட்சம் கேலனாகக் குறைக்க வேண்டியதாயிற்று. பணம் வேகமாக வந்தது, அதைவிட வேகமாகத் தேதிகள் கொடுக்கப்பட்டன. ஜார்ஜியா மாநிலத்தின் சோபர்டனில் மரக்கழிவிலிருந்து எரிபொருள் எடுக்க வந்த ரேஞ்ச் ஃபியூயல்ஸின் தலைமையில் ஆப்பிள் கணினி நிறுவனத்தில் விற்பனையை நடத்திய மிட்ச் மாண்டிச் இருந்தார். 2007இல் அடிக்கல் நாட்டினார்கள், 2011இல் ஆலை மூடப்பட்டது, 2012இல் 51 லட்சம் டாலருக்கு விலைபோனது. அரசு மானியமும் கடன் உத்தரவாதமும் மட்டுமே அதைப்போலப் பல மடங்கு.

வெளியாளைத் தலைமையில் வைத்ததுதான் தவறு என்று சொல்லிவிடலாமா? மரத்திலிருந்து எண்ணெய் எடுக்க வந்த கியோர் நிறுவனத்தைப் பார். அதன் தலைவர் ஃப்ரெட் கேனன் வினையூக்கித் தொழிலிலேயே ஊறியவர். 2011இல் பங்கு வெளியிட்டு 15 கோடி டாலர் திரட்டினார்கள். மிசிசிப்பியின் கொலம்பஸில் ஆலை எழுந்து, 2013இல் எரிபொருளும் வெளியே போனது. 2014 நவம்பரில் திவால் மனு. ஒரு டன் மரத்துக்கு இவ்வளவு எண்ணெய் என்று போட்ட கணக்கு ஆலையில் நிற்கவில்லை.

எட்வர்ட் மெரோ என்பவர் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்துக்காக 1981இலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். முதன்முதலாகக் கட்டப்படும் ஆலைகளில், திரவத்தையும் வாயுவையும் கையாள்பவை ஓரளவு திட்டப்படி ஓடுகின்றன, திடப்பொருளைக் கையாள்பவைதான் அதிகம் தடுமாறுகின்றன என்பது அவர் கண்டது. எண்ணெய் குழாயில் ஓடும். வைக்கோல் ஓடாது. அடைக்கும், பாலம் போல் கட்டி நிற்கும், மழையில் நனைந்தால் குணமே மாறிவிடும்.

நான் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். நான் வேலை பார்த்த சிறிய நிறுவனத்தில் ஆய்வகத்தில் எல்லாம் அற்புதமாக நடந்தது. கழுவி, அரைத்து, சலித்த வைக்கோலில் செய்த சோதனைகள் அவை. சோதனை ஆலைக்கு வயலிலிருந்து நேரடியாகக் கட்டுகள் வந்தபோது கூடவே மண்ணும் கல்லும் வந்தன. உள்ளே தள்ளும் திருகு சில வாரங்களிலேயே தேய்ந்துபோயிற்று. ஒரு நாள் திருகில் இறுகி நீராவியைத் தடுத்துக்கொண்டிருந்த வைக்கோல் அடைப்பு விட்டுக்கொடுத்து நீராவி பின்னோக்கி அடித்தது. யாருக்கும் காயமில்லை, ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காகித ஆலையில் கூழ் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்த ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவர் முதல் மாதமே, "சார், மண்ணைப் பிரிக்காம இது ஓடாது" என்று சொன்னார். நாங்கள் குறிப்பு எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை அன்றே மேலே கொண்டுபோய்ப் பிடிவாதமாக நிற்காதது என் தவறு. இன்றும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிவாங்கின. அயோவாவின் நெவாடா என்ற ஊரில் மக்காச்சோளத் தட்டையை நம்பி, வருஷம் 3 கோடி கேலன் எத்தனால் எடுக்க டூபாண்ட் என்ற ரசாயன நிறுவனம் கட்டிய ஆலை 2015 அக்டோபரில் திறந்தது. இரண்டே வருஷத்தில் கைவிட்டார்கள். ஜெர்மனியின் வெர்பியோ 2018இல் அதை வாங்கி, தட்டையிலிருந்து மீத்தேன் எடுக்க மாற்றியது. பிரேசிலின் சர்க்கரை, எத்தனால் நிறுவனமான ரைசன் வேறு வழியில் போனது. அவர்களுக்குக் கரும்புச் சக்கை ஏற்கெனவே ஆலைக்குள்ளேயே குவிகிறது, சக்கையோடு வாழ்ந்த சர்க்கரை ஆட்களும் கூடவே இருக்கிறார்கள். அங்கேயும் தொழில்நுட்பம் கனடாவின் ஐயோஜன் நிறுவனம் பல வருஷம் பாடுபட்டு வளர்த்தது. முதல் ஆலைக்குப் பிறகு 2024இல் பொன்ஃபிமில் இன்னொன்றையும் திறந்தார்கள்.

உன் மகளின் எதிர்காலத்துக்கு ஏற்ற கதை மஸ்கோமா என்ற நிறுவனத்துடையது என்று நினைக்கிறேன். டார்ட்மத் கல்லூரியின் லீ லிண்ட், சார்ல்ஸ் வைமன் ஆகியோர் 2005இல் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் கனவு கண்ட பெரிய மர ஆலை எழவே இல்லை. ஆனால் அங்கே உருவாக்கிய ஈஸ்ட் வழக்கமான மக்காச்சோள எத்தனால் ஆலைகளில் இடம் பிடித்தது, 2014இல் ஈஸ்ட் தயாரிக்கும் லாலெமாண்ட் நிறுவனம் அந்த ஈஸ்ட் தொழிலை வாங்கியது. நிறுவனம் கரைந்தாலும் கற்ற வேலை வீணாகவில்லை.

அதனால் சேர வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நேர்காணலுக்குப் போகும்போது அவளும் சில கேள்விகள் கேட்கட்டும். சோதனை ஆலை நிறுத்தாமல் தொடர்ந்து ஓடிய மிக நீண்ட காலம் எத்தனை மணி நேரம்? வயலிலிருந்து வந்தபடியே உள்ள வைக்கோலிலா, கழுவியதிலா? காகிதம், சர்க்கரை, மரம் ஆகிய தொழில்களில் ஆலை ஓட்டியவர் யாராவது முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறாரா? கடைசியாக ஒரு தேதி தள்ளிப்போனபோது அதை முதலீட்டாளரிடம் யார் சொன்னார், எப்போது சொன்னார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அவள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த இரண்டு பேராசிரியர்களில் ஒருவர் எழுதிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். நேர்மையான மனிதர், சரிவராத முடிவுகளையும் மறைக்காமல் எழுதுபவர். அவர் கீழ் வேலை என்றால் எனக்குப் பாதிக் கவலை இல்லை.

ஆலையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல். முதலில் வைக்கோல் இறக்கும் இடத்துக்குப் போவோம், நொதிக் கலனை மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்