உன் முழங்காலும் இங்கத்திய கோடிகளும்

ப்ளூமிங்டன், இந்தியானா
பிப்ரவரி, 2026

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குக் கால்பந்துதான் காரணம் என்றால் சிரிப்பாய். நம் கால்பந்து இல்லை. பந்து காலில் அபூர்வமாகவே படும் அமெரிக்கக் கால்பந்து. ஜனவரி 19 இரவு மயாமி பல்கலைக்கழகத்தை 27-21 என்று வென்று எங்கள் ஊர் இந்தியானா பல்கலைக்கழகம் தேசிய சாம்பியன் ஆனது. பதினாறு ஆட்டம், பதினாறு வெற்றி. 2023-இல் இதே அணி பன்னிரண்டில் மூன்றைத்தான் வென்றிருந்தது. அந்த நாளில் டிக்கெட்டைச் சும்மா கொடுத்தாலும் போக ஆள் யோசிக்கும்.

"கல்லூரிப் பையன்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளமாமே?" என்று கேட்டிருந்தாய். உண்மைதான். 2021 வரை ஆட்டக்காரனுக்கு உதவித்தொகை, சாப்பாடு, தங்கும் அறை, அவ்வளவுதான். தன் கையெழுத்தை விற்றால்கூடத் தண்டனை. அலபாமா பல்கலைக்கழகத்தின் நிக் சேபன் போன்ற பயிற்சியாளர்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கிறது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். நம் கணக்கில் 170 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் பெரும்பங்கு கால்பந்துக்கே. நீச்சல்காரர்களும் ஓட்டக்காரர்களும் பாத்திரத்தின் அடியில் ஒட்டியதைச் சுரண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பணத்தைவிட ஆட்டத்தின் முகத்தை மாற்றியது இடமாறும் விதி. முன்பெல்லாம் வேறு கல்லூரிக்குப் போனால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். 2021-இல் ஒருமுறை விலக்கு கொடுத்தார்கள். 2024 முதல் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். எங்கள் பயிற்சியாளர் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது அங்கே ஆடியவர்களில் ஒரு டஜன் பேருக்கு மேல் கூடவே வந்துவிட்டார்கள். ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மென்டோசா கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். வந்த ஆண்டே, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிவிட்டார். இறுதி ஆட்டத்தில் எதிரணியை நடத்திய குவார்ட்டர்பேக் பெக்கும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்தான்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐம்பது ஆண்டாக இந்த அணியின் தோல்விகளைப் பார்த்தவர். "இவர்கள் கூலிக்கு ஆடுகிறவர்கள், நம் பிள்ளைகள் இல்லை" என்று சென்ற கோடையில் முணுமுணுத்தார். நான் வாய் திறக்கவில்லை. சம்பளம் கூடுதலாகக் கிடைக்கிறதென்று மூன்று கம்பெனி மாறியவன் நான். என்னை யாரும் துரோகி என்று சொன்னதில்லையே. இறுதி ஆட்டத்தில் நான்காவதும் கடைசியுமான முயற்சியில் மென்டோசா ஆட்களை இடித்துக்கொண்டு எல்லைக்கோட்டில் விழுந்தபோது அதே பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். யார் பிள்ளை என்ற பேச்சே அன்று எழவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பல அணிகளில் பந்தை உதைப்பதற்கென்றே ஆஸ்திரேலியாவிலிருந்து பையன்களைக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் இருப்பது மாணவர் விசாவில். அதனால் பக்கத்தில் நிற்பவன் வாங்கும் பணத்தை அவர்கள் இங்கே சுலபமாக வாங்க முடியாது. அந்த விசாவில் நான் பல்கலைக்கழக உணவகத்தில் தட்டுக் கழுவிய நாட்கள் நினைவிருக்கிறதா? வாரம் 20 மணி நேரம், ஒரு நிமிடம் கூடக் கூடாது. இங்கே அதைப் பற்றிப் பேச ஆளில்லை. உதைப்பவனைப் பற்றி யார் பேசுவார்கள்?

உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கல்லூரிக்காகக் கபடி ஆடியதற்கு உனக்குக் கிடைத்தது தினம் இரண்டு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும். முழங்கால் போன அன்று முட்டையும் நின்றது. விடுதிக் கணக்குப்பிள்ளை அந்த மாதப் பால் காசைத் திருப்பிக் கேட்டாரே, அதைக் கொடுத்தாயா இல்லையா? இத்தனை நாள் கேட்க மறந்துவிட்டேன்.

டாக்டர் மூட்டு மாற்ற வேண்டும் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். தேதி முடிவானதும் உடனே எழுது. ஜூனில் வருவதாக இருக்கிறேன். முன்னதாக வரவேண்டும் என்றாலும் சொல்.

அன்புடன்,
ரகு