பட்டா நிலத்துக்கும் உயிரியலாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்ப் பறவைகள் சரணாலயங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பெருமை. ஆனால் அங்கே கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரையும் அரிவாள்மூக்கனும் கொக்குகளும் சரணாலய எல்லைக்கல்லோடு நின்றுவிடுவதில்லை. குஞ்சுக்கு வேண்டிய மீன், தவளை, நண்டு ஆகியவற்றை, கண்மாயைச் சுற்றியுள்ள நெல் வயலிலும் வாய்க்காலிலும் பண்ணைக் குட்டையிலும்தான் தேடுகின்றன. இவற்றில் பெரும்பகுதி பட்டா நிலம். வனத்துறையின் அன்றாட வேலை அங்கே எட்டுவதில்லை. வேளாண் துறைக்குப் பறவை கணக்கில் இல்லை. இந்த இடைவெளியில் வேலை செய்யக் காட்டுயிர் உயிரியல் படித்தவர்களை ஊராட்சி ஒன்றிய அளவில் நியமிக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை.

நில உரிமையாளர்களின் முதல் அச்சம் நியாயமானது: அரிய உயிரினம் இருப்பது தெரிந்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடுமோ என்பது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்தால் சேர்ந்த 36சி பிரிவு, உரிமையாளர் தாமாக முன்வந்தால் தனியார் நிலத்தையும் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க இடம் தருகிறது. ஆனால் அறிவித்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்றக் காப்பகத்தின் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது பெரும் தவறு. முதலில் ஐந்தாண்டு எழுத்து ஒப்பந்தமே போதும். புல எண், புலப்படம், எந்த மூலையில் என்ன செய்வது, எதைச் செய்யாமல் விடுவது, அதற்கு என்ன ஈடு, இடையில் விலகுவது எப்படி என்று தெளிவான தமிழில் எழுத வேண்டும். ஆகவே இந்த வேலைக்கு வருபவருக்குப் பறவை அடையாளம் தெரிந்தால் மட்டும் போதாது; நில உரிமையைச் சொல்லும் சிட்டாவும் பயிர் விவரத்தைச் சொல்லும் அடங்கலும் படிக்கத் தெரிய வேண்டும்.

நிலத்தை அடைத்து வளரும் அயல் மரமான சீமைக் கருவேலத்தை அகற்றுவதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தரையோடு வெட்டினால் தூரிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஓர் அடி வரை தோண்டித் தூரை முழுதாக எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது இளஞ்செடியைக் கடப்பாரையாலேயே பிடுங்கிவிடலாம். கோடையில் பொக்லைன் விட்டுப் புரட்டினால் புதைந்த விதைகளும் மேலே வந்து, அடுத்த மழைக்குப் பச்சைக் கம்பளம்போல முளைத்து நிற்கும். ஆடுமாடு தின்ற காய்களின் விதை சாணத்தோடு வந்து முளைப்பதால், நெற்று உதிரும் காலத்தில் சுத்தம் செய்த நிலத்தில் ஆடுமாடுகளை இரவில் அடைத்துக் கிடை போடக் கூடாது. மூன்று, நான்கு ஆண்டுகள் மழைக்குப் பின் நாற்றுப் பிடுங்கப் பணம் ஒதுக்காத திட்டம் வீண் செலவு. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு; அவர்கள் வருமானத்துக்கு வழி சொல்லாமல் மரத்தை எடுக்கச் சொல்வதும் சரியல்ல.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுப்பதும் ஆபத்து. கண்மாய்க்குள்ளும் கரையோரத்திலும் சீமைக் கருவேலத்தின் மேலேயே கூடுகள் இருக்கின்றன. கூடுள்ள மரங்களுக்கு வண்ணம் பூசிக் குறித்துவைத்து, பக்கத்தில் நாட்டுக் கருவேலம் வளர்ந்து கிளை விரித்த பிறகே பகுதி பகுதியாக எடுக்க வேண்டும். கார்த்திகை முதல் பங்குனி முடிய, கூடுள்ள இடத்தில் கோடரிச் சத்தமே கேட்கக் கூடாது.

வெறும் தரையாக விட்ட இடத்தில் பனை போடலாம். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையைப் பத்தடி இடைவெளியில் அரையடிக் குழியில் ஊன்றினால் போதும். முளை முதலில் கீழேதான் இறங்கும். இலை வெளியே வர மாதங்கள் ஆகும். அதற்குள் முளைக்கவில்லை என்று நினைத்து உழுதுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. ஆகவே வரிசையின் இரு முனையிலும் கல் நட்டுவைக்க வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. பட்டுப்போன மொட்டைப் பனையையும் காக்க வேண்டும். அதன் பொந்தில் பனங்காடைப் பறவை குஞ்சு பொரிக்கிறது. உயிருள்ள மரத்தில் பழைய ஓலைகளை முழுதும் கழித்துவிட்டால் பனை உழவாரன் என்னும் பறவைக்குக் கூடு ஒட்ட இடமில்லை.

பண்ணைக் குட்டைகளைச் செங்குத்தாக வெட்டித் தார்ப்பாய் விரிக்கிறார்கள். கொக்கு நின்று மேய அரையடித் தண்ணீர் போதும். உள்ளான் பறவைக்கு இரண்டு விரற்கடை போதும். ஒரு பக்கத்தையாவது சரிவாக வெட்டினால் பறவைக்கும் இடம், கரையும் சரியாது. தார்ப்பாய்க் குட்டையில் முடிச்சுப் போட்ட பழைய வலை ஒன்றைக் கரையிலிருந்து அடிவரை தொங்கவிட்டால் விழுந்த முயலும் கீரியும் ஏறி வந்துவிடும்.

கடலோரத்தில் மனை வாங்குபவர்கள் முதலில் அழிப்பது மணலைப் பிடித்துவைக்கும் அடும்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும். அவை போனால் மணல்மேடு காற்றோடு போகும். கடலைப் பார்க்கும் வெள்ளை விளக்குகளை ஆமைக் குஞ்சுகள் வெளிவரும் மாதங்களில் அணைத்தாலே பெரும் உதவி.

மயில் பயிரைத் தின்னும் பிரச்சினைக்கும் உயிரியலாளர் பதில் சொல்ல வேண்டும். நட்டத்தை உரிய படிவத்தில் பதிய உதவாத ஒருவரை எந்த விவசாயியும் இரண்டாம் முறை வரப்பில் ஏற விடமாட்டார்.

மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி போன்ற இடங்களில் காட்டுயிர் உயிரியல் படித்து வரும் இளைஞர்களுக்கு இன்று கிடைப்பவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுத் திட்டப் பணிகள். உரிமையாளரின் நம்பிக்கை பிடிபடும் நேரத்தில் பணி முடிந்துவிடுகிறது. குறைந்தது ஐந்தாண்டு நியமனம், ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் இடம், விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் ஒரே வரப்புகளில் விடிகாலைக் கணக்கெடுப்பு ஆகியவை இருந்தால்தான் மாற்றம் தெரியும். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களின் பாசன நிலங்களான ஆயக்கட்டுகளில் இதைத் தொடங்கலாம். நியமனத்தை ஆடிக்குள் முடிக்க வேண்டும். மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்கு உழவு தொடங்கிவிட்டால் முதல் கணக்கெடுப்பு ஓராண்டு தள்ளிப்போகும்.

— காட்டுயிர் உயிரியலாளர்கள்,
இராமநாதபுரம்