ஏர்கோன் சொட்டினால் முதலில் குழாயைப் பாருங்கள்

ஆசிரியர் ஐயா,

ஏர்கோனிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று ஆளைக் கூப்பிட்டால், வந்தவர் மூடியைக்கூடத் திறக்காமல் "கேஸ் குறைந்துவிட்டது, அடிக்கணும்" என்கிறார். எங்கள் செந்தூல் பக்கத்து அடுக்குமாடியில் இப்படிப் பணம் கொடுத்தும் சொட்டு நிற்காமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பது தண்டச் செலவு.

சொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அது உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் பட்டு நீராகி, அடியில் உள்ள தட்டில் விழுந்து, மெல்லிய குழாய் வழியாக வெளியே வடிய வேண்டும். வீட்டில் மாட்டும் சாதாரண ஏர்கோனில் இதற்குப் பம்ப் கிடையாது, சரிவு மட்டும்தான். தூசியும் வழவழப்பான பாசியும் குழாயை அடைத்தால் தட்டு நிரம்பிக் கட்டில் மேல் சொட்டும். அதனால் ஏர்கோன் ஓடும்போது வெளியே குழாயின் முனையைப் பாருங்கள், உள்ளே சொட்டி அங்கே ஒன்றும் வரவில்லையென்றால் அநேகமாக அடைப்புதான். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, தண்ணீரையும் இழுக்கும் வேக்கம் இருந்தால் அந்த முனையில் வைத்து உறிஞ்சுங்கள், பல நேரம் அதுவே போதும். முனை வாளித் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கக் கூடாது. வாளியைக் கொட்டாமல் விட்டால் ஏடிஸ் கொசு வேறு!

குழாய் சரியென்றால் ஃபில்டரைக் கழற்றுங்கள். அழுக்கு அப்பியிருந்தால் காற்று போகாமல் சுருளில் ஐஸ் கட்டும், நிறுத்தியதும் உருகி ஊற்றும். ஃபில்டரைக் கழுவி, ஐஸ் முழுக்க உருகிய பிறகு ஓட்டியும் மறுபடி ஐஸ் கட்டினால், சரி, அப்போது கேஸைச் சந்தேகிக்கலாம். அப்போதும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், கசிவு எங்கே என்று கேளுங்கள்.

புதிதாக மாட்டியது சொட்டினால் குழாயின் சரிவு தப்பாக இருக்கலாம், மாட்டியவரே வந்து சரிசெய்யட்டும்.

பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே வார்த்தையோடு முடிக்க விடாதீர்கள். என்ன பழுது, என்ன செய்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்தத் தாளோடு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்