யூகான் கரையில் எனக்குக் கதவு திறந்தவர்களுக்கு

அன்புள்ள பாட்டிமார்களுக்கு, தாத்தாமார்களுக்கு, தம்பி தங்கைகளுக்கு,

குயானா. உங்கள் யூபிக் மொழியில் நன்றிக்கு நீங்கள் சொல்லித்தந்த சொல் அது. ஒன்பது வருடமாக உங்கள் வாசல்களில் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறேன். இந்த மாதத்தோடு என் களப்பணி முடிகிறது. ஒரு தடவையாவது என் தாய்மொழியில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இதே மடலை ஆங்கிலத்தில் எழுதி உங்கள் மன்றத்து அறிவிப்புப் பலகைக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எனக்குச் செய்ததைத் தமிழ் படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக இது.

அவர்களுக்காக என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அலாஸ்காவில் யூகான் ஆறு கடலில் கலக்கும் பக்கத்துக் கிராமங்களுக்குச் சாலை கிடையாது. சின்ன விமானத்தில் போக வேண்டும். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் ஸ்னோமெஷின் என்ற பனிவண்டி. அங்கே வீடு வீடாகப் போய், போன பன்னிரண்டு மாதத்தில் என்ன மீன் பிடித்தீர்கள், என்ன வேட்டையாடினீர்கள், என்ன பழம் பறித்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், யார் உங்களுக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. மீனோ விலங்கோ குறைந்தால் வீட்டுத் தேவைக்குத்தான் முதலிடம், வணிகமும் பொழுதுபோக்கும் அதற்கு அப்புறம்தான் என்று 1978-ல் மாநிலச் சட்டம் சொன்னது. ஆனால் வீட்டுத் தேவை எவ்வளவு என்று யாராவது கணக்குக் காட்டினால்தான் அந்த முதலிடம் நிற்கும்.

2012-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அலாஸ்காவின் கிராமப்புறத்தில் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 295 பவுண்டு, அதாவது 134 கிலோ உணவு ஆற்றிலிருந்தும் கடலிலிருந்தும் காட்டிலிருந்தும் வருகிறது. மாநிலம் முழுக்கப் பிடிபடுவதில் வீட்டுத் தேவைக்கானது நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும். பெரும்பங்கு வணிக மீன்பிடிப்புக்குப் போகிறது. பஞ்சம் வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது மட்டும் அந்த ஒரு பங்கு எடுப்பவர்களிடம்தான். எனக்கு இது இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

முதல் நன்றி கிராம மன்றத்துக்கு. முதல் தடவை நீங்கள் என்னை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள். எனக்கு முன்னால் வந்த ஒருவர் கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டு போனவர், அப்புறம் ஒரு தாள்கூட உங்களுக்கு அனுப்பவில்லை. அதை நீங்கள் கோபமில்லாமல் சொன்னீர்கள். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று. இரண்டாம் தடவை மூன்று நிபந்தனை வைத்தீர்கள். எந்த வீட்டின் பெயரும் வெளியே வரக் கூடாது. கிராமத்துப் பிள்ளை ஒருவருக்குச் சம்பளத்தோடு வேலை கொடுக்க வேண்டும். எழுதி முடித்ததை வெளியே யாருக்கும் காட்டுவதற்கு முன் இங்கே கொண்டுவந்து படித்துக் காட்ட வேண்டும். அந்த மூன்றாவது நிபந்தனைதான் என்னைப் பெரிய தவறிலிருந்து காப்பாற்றியது.

தம்பி, நீதான் எனக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தாய். முதல் வாரம் நான் கேள்வி கேட்பேன், பதில் வராது, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவேன். மூன்றாவது வீட்டை விட்டு வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னாய்: "அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்." புருவத்தை லேசாக உயர்த்தினால் ஆமாம் என்று அர்த்தம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் கேட்டுவிட்டு, தாளிலிருந்து கண்ணை எடுத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கப் பழகினேன். அந்த மௌனத்துக்குள்ளிருந்து எத்தனை கதைகள் வந்தன! எந்த மடுவில் வெள்ளைமீன் ஒதுங்கும், எந்த வருடம் பனி முன்னதாக உடைந்தது, யாருடைய அப்பா எங்கே முகாம் போட்டார். எதற்கும் என் படிவத்தில் கட்டம் இருக்கவில்லை.

பாட்டி, உங்கள் மீன் முகாமில் நான் இருந்த அந்தப் பகல் அப்படியே கண்ணில் நிற்கிறது. பிறை வடிவ உலுவாக் கத்தியை உங்கள் கை பிடித்திருந்ததா, அது தானாகவே போனதா என்று சொல்ல முடியாது. தலையை எடுத்தீர்கள். முதுகெலும்பை ஒட்டி ஒரே இழுப்பில் கத்தியை ஓட்டினீர்கள். இரண்டு பக்கமும் வாலில் மட்டும் சேர்ந்திருந்தன. பிறகு தோல் அறுபடாமல் சதையில் மட்டும் விரலகலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே கீறல்கள். கொம்பில் தொங்கவிட்டதும் ஒவ்வொரு கீறலும் காற்றில் வாய் திறந்தது. ஆழம் குறைந்தால் உள்ளே ஈரம் தங்கிக் கெட்டுவிடும், கூடினால் தோல் கிழிந்து மீன் கீழே விழுந்துவிடும் என்றீர்கள். நான் வெட்டிய மூன்று மீனில் இரண்டு விழுந்தன. அதை எடுத்து வேறு யாரும் பார்க்கும் முன் உங்கள் பானைக்குள் போட்டுக்கொண்டீர்கள்.

அன்றைக்குத்தான், "வரும் பருவத்தில் எத்தனை மீன் பிடிக்கத் திட்டம்?" என்ற கேள்வியைக் கேட்டேன். நீங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டீர்கள். வரப்போகும் மீனை எண்ணக் கூடாது, அது நம்மிடம் தன்னைக் கொடுக்க வருகிறது, கையில் கிடைக்கும் முன் எண்ணினால் பெருமையடிப்பதாகும், மீன் அதைக் கேட்கும் என்றீர்கள். நடந்து முடிந்ததைக் கேள், சொல்கிறேன் என்றீர்கள். அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டோம். எண்ணிச் சொல்வதே உங்களுக்கு உவப்பானதல்ல என்று தெரிந்த பிறகு, நீங்கள் எனக்குச் சொன்ன ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று புரிந்தது.

இப்போது அந்தத் தவறு. முதல் வரைவறிக்கையோடு வந்து பள்ளிக்கூடத்து ஜிம்மில் படித்துக் காட்டினேன். மூஸ் என்ற பெரிய மானின் எண்ணிக்கையைச் சொன்னதும் கூட்டம் அசைந்தது. பின்வரிசைத் தாத்தா ஒருவர் எழுந்தார். அவ்வளவு மூஸ் இங்கே யாரும் சுடவில்லை, இந்தத் தாள் வெளியே போனால் எங்களைப் பேராசைக்காரர்கள் என்பார்கள் என்றார். நடந்தது இதுதான். ஒரு படகில் ஐந்து பேர் போய் ஒரு மூஸோடு வந்திருக்கிறார்கள். ஐந்து வீட்டிலும் "நாங்கள் ஒரு மூஸ் எடுத்தோம்" என்றார்கள். அது உண்மை. நான் ஐந்து என்று எழுதிவிட்டேன். என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாம். நீங்களோ நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, எந்தப் படகு, யார் யார், எந்த நாள் என்று நள்ளிரவு வரை என்னோடு உட்கார்ந்து திருத்தினீர்கள். யாரோ தேநீர் போட்டார்கள். யாரோ குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தபடியே தேதிகளை நினைவுபடுத்தினார்கள்.

அந்த இரவில் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. அலாஸ்காவின் கிராமங்களில் நூற்றுக்கு முப்பது வீடுகள் ஏறத்தாழ எழுபது பங்கு உணவைக் கொண்டுவருகின்றன என்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அந்த எண்ணை நான் ஏட்டில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரு மூஸின் தொடைக்கறி எந்தெந்த விதவை வீட்டுக்கு, எந்தெந்த முதியவர் வீட்டுக்கு, யாருடைய முதல் வேட்டை என்பதால் முழுவதுமாகப் பிறருக்கே போயிற்று என்று நீங்கள் பெயர் பெயராகச் சொன்ன பிறகுதான் அந்த முப்பதும் எழுபதும் எனக்கு அர்த்தமாயின.

உள்ளூர்க்காரர் சொன்னதைக் கேட்காமல் போட்ட கணக்கு என்ன செய்யும் என்பதற்கு அலாஸ்காவின் வடகோடியில் ஒரு சாட்சி உண்டு. போஹெட் திமிங்கிலம் மிகக் குறைந்துவிட்டது என்ற கணக்கை நம்பி 1977-ல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் அங்குள்ள பழங்குடிகளான இனுபியாட் மக்களின் வேட்டைக்குத் தடை போட்டது. திமிங்கிலங்கள் பனிக்கு அடியிலும் போகின்றன, கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்திலும் போகின்றன என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். பிறகு நீருக்குள் மைக்ரோபோன் இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே சரியாக இருந்தது. நான் புதிதாக வேலைக்குச் சேரும் எவருக்கும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

வேறு சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். மூடுபனி விலகும்வரை இறங்க மாட்டேன் என்று உறுதியாகத் திரும்பிப் போன பைலட் அண்ணனுக்கு. வகுப்பறைத் தரையில் படுக்க இடம் கொடுத்துச் சாவியையும் கையில் கொடுத்த ஆசிரியர்களுக்கு. நீராவிக் குளியலுக்குத் தவறாமல் கூப்பிட்ட குடும்பத்துக்கு.

2021-ஐப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. சினூக் என்ற பெரிய சால்மன் மீன் ஏற்கெனவே குறைந்திருந்தது, அந்த வருடம் சம் என்ற இன்னொரு வகைச் சால்மனும் வரவில்லை. யூகானில் இரண்டுக்கும் வலை போடத் தடை. பெரிங் கடலின் வெப்ப அலைகள், சூடாகும் ஆறு, மீனுக்கு வரும் ஒட்டுண்ணி நோய், கடலில் வேறு மீனுக்கு விரித்த வலையில் சால்மனும் சிக்குவது என்று காரணங்கள் பேசப்பட்டன. தெற்கே பிரிஸ்டல் விரிகுடாவில் சால்மன் குவிந்த அதே வருடம் அது. அங்கிருந்து நன்கொடையாக மீன் பெட்டிகள் விமானத்தில் வந்தன. அந்தக் குளிர்காலத்தில் நான் படிவத்தோடு வந்தேன். சினூக்? பூஜ்யம். சம்? பூஜ்யம். வீட்டுக்கு வீடு அதையே எழுதினேன். இப்படியொரு வருடத்தில் நீங்கள் கதவைச் சாத்தியிருந்தாலும் நியாயம்தான். ஒரு வீடுகூடச் சாத்தவில்லை. பாட்டி, பூஜ்யத்தைத் தெளிவாக எழுது, பக்கத்தில் காரணத்தையும் எழுது என்றீர்கள்: "எங்களுக்கு ஆசை குறைந்ததால் வந்த பூஜ்யம் இல்லை. ஆற்றுக்காக விட்டுக்கொடுத்த பூஜ்யம்." பெட்டி மீன் வயிற்றை நிரப்பும், பேத்தியின் கைக்குக் கத்தியைப் பழக்காது என்றும் சொன்னீர்கள். இரண்டையும் அறிக்கையில் அப்படியே சேர்த்தேன்.

2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் யூகான் சினூக் மீன்பிடிப்பை ஏழு வருடம் நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. ஒரு சினூக்கின் முழு ஆயுள் அளவு. உங்கள் பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. அவள் வெள்ளைமீனில் உலுவாக் பிடித்துப் பழகுகிறாள் என்று தம்பி போனில் சொன்னான். கீறல் இன்னும் ஆழமாகத்தான் விழுகிறதாம்.

நீங்கள் வரைந்து தந்த வரைபடங்களின் மூலப் பிரதிகளை மன்ற அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். பெட்டியின் சாவி தம்பியிடம் இருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் என் இடத்தில் அவன்தான் கதவைத் தட்டுவான். கேட்டுவிட்டுக் காத்திருக்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குயானா.

அன்போடும் கடனோடும்,
உங்கள் கணக்கெடுப்புக்காரர்