ஆச்சி விரித்த பாய்

நேற்று யார் கையையும் பிடிக்காமல் கொப்புடையம்மன் கோயில் வரை நடந்து போய்விட்டு வந்தேன். உட்காதில் நீர் கட்டி, தலை சுற்றி, நடக்க முடியாமல் நான் தள்ளாடியதெல்லாம் நம் தெருவில் உங்களுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எதிர்வீட்டு ஆச்சிக்கு.

எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல். இருபது வருடமாக நான் ஆசை ஆசையாகத் துடைத்த தரை. காது கெட்ட பிறகு அதைக் குனிந்து பார்த்தாலே சிவப்புப் பூவும் பச்சைக் கட்டமும் நகர ஆரம்பித்துவிடும். உட்காது சரியில்லாதபோது உடம்பு கண்ணைத்தான் அதிகம் நம்புமாம், அதனால் இப்படிக் கோலம் நிறைந்த தரை குழப்பும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று பயந்து, கண்ணை மூடிக்கொண்டு வளவுத் (நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) தூண் ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் பாத்ரூம் போவேன். கண்ணை மூடினால் தள்ளாட்டம் இன்னும் மோசம்.

ஒருநாள் ஆச்சி இதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனவர், கோடு போடாத கோரைப்பாயாக நான்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கட்டிலிலிருந்து பின்கட்டு வரை விரித்து, ஓரம் காலைத் தட்டிவிடக் கூடாதென்று, அந்த வயதில் தரையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து, பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்து ஒட்டினார். "இனி இதைப் பாத்து நட ஆத்தா, பூவைப் பாக்காதே."

எப்படித் தெரியும் ஆச்சி என்றேன். அவர் மாமியாரும் கடைசிக் காலத்தில் பட்டாலைக் கூடத்துத் தரையில் கால் வைக்கப் பயந்தாராம். "பித்தம் பித்தம்னு சொல்லியே விட்டுட்டோம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மெனியர் என்ற பிரெஞ்சு டாக்டர் 1861லேயே இந்தச் சுற்றல் காதிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டார், நம் வீடுகளில் இன்னும் அது பித்தம்தான்.

அப்புறம், காதுக்குள் நீர் கட்டுவதைப் படம் போட்டுக் காட்டிப் பயம் தெளிவித்த டாக்டருக்கு, குழி பார்த்துப் பார்த்து ஆட்டோ ஓட்டிய தம்பிக்கு, எனக்காகத் தன் தட்டிலும் ஊறுகாயும் மோர் மிளகாயும் வைக்காமல் உப்புக் குறைத்துச் சாப்பிட்ட தங்கச்சிக்கு, இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் நன்றி.

இது திரும்பவும் வரலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். பாயைச் சுருட்டி வளவு மூலையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நம் தெருவில் யாருக்காவது தலை சுற்றினால் ஒருமுறை காதையும் காட்டுங்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பாயோடு நானே வருகிறேன்.